மேலத்தெருவைப் பார்த்த குழாய்

என் மகள் செல்வி பழைய ஒலிபெருக்கிச் சாமான்களின் சத்தத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் செய்து கொடுக்கிறாள். பாட்டுப் போடுகிறவர்கள் புதுப் பாட்டையும் அந்தச் சத்தத்தில் கேட்கலாமாம். நேற்று நீடாமங்கலம் வீட்டில், என் அப்பாவின் மைக்செட் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து அப்படியொன்றைச் செய்து முடித்தாள். அவள் தட்டியதும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல், நடுவே 'கறக்' என்று ஓர் அறுப்பு.

எனக்குச் சடங்கு சுற்றிய அன்று கேட்ட சத்தம் அது. எங்கள் தெருவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால் வயலைத்தான் பார்க்க வேண்டும். மேலத்தெருவைப் பார்க்கக் கூடாது. அப்பா தென்னையில் ஏறி மேலத்தெருப் பக்கம் திருப்பிக் கட்டினார். "எம்பொண்ணு பெரியவளானது அவங்களுக்கும் கேக்கட்டும்" என்றார்.

முதல் பாட்டு முடிவதற்குள் தடிகளோடு வந்துவிட்டார்கள்.

"யாரு காதுலடா ஊதுற?"

அப்பாவின் மணிக்கட்டு முறிந்தது எனக்குக் கேட்டது. அடுத்த அடி ஆம்ப்ளிஃபயர் மேல் விழுந்தது. மறுபடி ஓங்கியவனின் முழங்காலை என் அம்மா உலக்கையால் உடைத்தாள். என் பட்டுப்பாவாடையெல்லாம் ரத்தம். நசுங்கிய பெட்டி மட்டும் கறக் கறக்கென்று பாடிக்கொண்டே இருந்தது.

"அம்மா, அந்தக் 'கறக்' சத்தத்த எடுத்துடவா? ரிப்பேருன்னு நெனைப்பாங்க" என்றாள் செல்வி.

"கைய வச்சே, ஒடச்சிப்புடுவேன். அது ஒன் அம்மாச்சி காப்பாத்துன சத்தம்டி."

"சரிம்மா, அதுக்குத் தனியா ஒரு திருகு வச்சிடுறேன். வேணுங்கிறவங்க கூட்டிக்கட்டும், கொறைச்சுக்கட்டும்."

"கூட்டட்டும். கொறைக்க மட்டும் வழி வைக்காத" என்றேன்.