கேட்காமல் எழுதிய குரூப்

என் மகள் பத்தாவது முடித்ததும், பதினோராம் வகுப்பு விண்ணப்பத்தில் கணிதம், உயிரியல் குரூப் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. கல்பாக்கத்தில் வேலை, செங்கல்பட்டில் வீடு என்றிருந்த எங்களைப் போன்ற குடும்பங்களில் எல்லாப் பிள்ளைகளும் அந்த குரூப்தான். அவளிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் அவள் பேச்சை நிறுத்தினாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. கேட்டால் தலையாட்டுவாள். காலாண்டுத் தேர்வில் இயற்பியல் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். பள்ளியில் சொன்னதால் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். மகளிடம் தனியாகப் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்த குரூப் வேணுமான்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"நான் அப்பா மேடம். அவளுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கலாம். ஆனா தன் விஷயத்துல தன்னையும் ஒருத்தர் கேட்டாங்கன்னு இந்த வயசுல ஒரு நெனப்பு இருக்கணும் சார். இல்லன்னா உள்ளேயே சுருங்கிடுவாங்க."

எரிச்சலோடு வெளியே வந்தேன். மறுநாள் ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்து சீட்டு நண்பரிடம் கொட்டினேன். செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். பத்து வருஷமாக ஒன்றாகப் போய்வந்தோம்.

"கடவுள் சொன்னாருன்னு மகனைப் பலிகொடுக்க மலைக்குக் கூட்டிப்போனாரே, அந்தத் தகப்பன் அவன்கிட்ட கேட்டாரா?" என்று எங்கள் பைபிள் கதையைச் சொல்லிக் கேட்டேன்.

"எங்க மறையில கேக்குறாரு அண்ணாத்த. இப்டி கனா வந்துச்சு, நீ இன்னா நெனைக்கிறேன்னு கேக்குறாரு. அவன் சரின்றான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் எம்பையன ஒரு தபா கூட கேட்டதில்ல, அது வேற."

சாயங்காலம் பைபிளைப் புரட்டினேன். அதில் மகன்தான் கேட்கிறான், பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று. தகப்பன் எதுவும் கேட்கவில்லை. மனம் ஆறாமல் இன்னும் புரட்டினேன். பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதியைக் குடும்ப ஜெபத்தில் எத்தனையோ முறை அவளை வாசிக்க வைத்திருக்கிறேன். சில வரிகள் தள்ளி, பிள்ளைகளைக் கோபப்படுத்தக் கூடாது என்று தகப்பன்மாருக்கும் சொல்லியிருந்தது. அதுவரை வாசிக்க விடாமல் ஜெபத்தை முடித்துவிடுவேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் அவளிடம் கேட்க வாய் வரவில்லை. அவள் அறை வாசல்வரை போவேன், திரும்பிவிடுவேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். மனைவி முன்னால் நடந்துவிட, மகளிடம் கேட்டேன்.

"உனக்கு என்னம்மா படிக்கணும்?"

"இப்போ கேட்டு என்னப்பா பண்றது?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஹிஸ்டரி குரூப். அப்புறம் லா காலேஜ்" என்றாள்.

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

நடு வருஷத்தில் எந்தப் பள்ளியிலும் மாற்றிச் சேர்க்கவில்லை. ஒரு வருஷம் போயிற்று. ஜூனில் வேறு பள்ளியில் ஹிஸ்டரி குரூப்பில் சேர்ந்தாள். வீட்டில் பேசத் தொடங்கினாள், அம்மாவிடம் நிறைய, என்னிடம் கொஞ்சம். கூடப் படித்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்க, இவள் மறுபடி பதினொன்றுக்குப் புறப்படும்போதெல்லாம் நான் வாசல்வரை போய் நிற்பேன். அவளோ திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருப்பாள்.