விற்பனை உறுதிக்கு இரண்டு சாட்சிகள்

"2006 மே 12, வெள்ளி. தபால் 11.20. இரண்டு புள்ளி குறைவு. மழை."

நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். மொன்றியலில் நொத்தாரிசாக, அதாவது சட்டப் பத்திரங்கள் எழுதி உறுதிசெய்பவராக, தொழில் செய்வதற்கான உரிமத் தேர்வில் நான் தோற்ற நாள் அது. எழுதாமல் விட்டதை இப்போது சேர்க்கிறேன். 11.40க்குத் தொலைபேசி அடித்தது. என்னோடு படித்த தங்கச்சி தேர்வில் சித்தியடைந்துவிட்டாள்.

தங்கச்சி என்பது நான் அழைக்கும் முறை, உறவில்லை. வகுப்பில் நாங்கள் இருவர் மட்டுமே தமிழர். எனக்கு நாற்பத்தொன்று, அவளுக்கு இருபத்தேழு. லாசாலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து என் குறிப்புகளைத்தான் இருவரும் படித்தோம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் நான் திகதி போட்டிருப்பேன். அவள் நகலெடுத்துக்கொண்டு போவாள்.

"அண்ணை, உங்களுக்குக் கடிதம் வந்திட்டுதோ?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"இன்னும் இல்லை," என்றேன். கடிதம் என் மடியில் கிடந்தது.

திங்கட்கிழமை மனைவி அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அடுத்த சனி ரொக்ஸ்பரோவில் தங்கச்சி வீட்டில் விருந்து. போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவளுடைய தகப்பன் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். என் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடியது அவளுடைய புள்ளியை. இல்லை. சித்தியடைந்தவர்களுக்குப் புள்ளி எழுதுவதில்லை, தோற்றவனுக்குத்தான் கணக்குக் காட்டுகிறார்கள்.

"அண்ணையின்ரை நோட்ஸ் இல்லாட்டி நான் பாஸ் பண்ணியிருக்கமாட்டன்," என்று அவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"அப்ப வாத்தியார் எப்ப பாஸ் பண்ணுறார்?" என்றார் ரோல்ஸ் தட்டோடு நின்ற ஒருவர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

காரில் மனைவி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, செத்த வீட்டுக்குப் போனவை கூட உங்களை விட நல்லாச் சிரிப்பினம்."

ஜூனில் என் விடைத்தாளைப் பார்வையிடப் போனேன். வீட்டு விற்பனை உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதும் கேள்வி. திகதியை எழுத்தில், பிழையின்றி எழுதியிருந்தேன். முடிவில், கையொப்பங்களுக்கு மேலே, இரண்டு சாட்சிகளைச் சேர்த்திருந்தேன். பக்கத்தில் பென்சிலால் பிரெஞ்சில் ஒரு சிறு குறிப்பு: சாட்சிகள் தேவையில்லை. அதற்குத்தான் இரண்டு புள்ளி போயிருந்தது.

நாடு விட்டு வருமுன் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் ஆறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன். அங்கே இரண்டு சாட்சி இல்லாத காணி உறுதி செல்லாது. இங்கே விற்பனை உறுதிக்கு நொத்தாரிசின் கையொப்பமே போதும். இது எனக்குத் தெரியும், என் குறிப்பிலேயே உண்டு. ஆனால் கை பழைய பழக்கத்தில் எழுதிவிட்டது. தங்கச்சி ஒன்பது வயதில் இங்கே வந்தவள், காணி உறுதியைக் கண்ணால் கண்டதில்லை. அவளுக்கு மறக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அன்றிலிருந்து என் எரிச்சலுக்கு இது நல்ல நியாயமாக இருந்தது. அவள் கெட்டிக்காரி அல்ல, வெறுமையானவள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுதேர்வு நவம்பரில். அதிலும் தவறினால் விட்டுவிடுவதென்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். என்னைக் கேட்காமல் அவள் தங்கச்சியை ஞாயிறுகளில் வரச்சொன்னாள். தங்கச்சி அதே மேசையில், என் கையெழுத்தின் நகலை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாள். தாள்களின் ஓரத்தில் அவளுடைய பச்சை மைக் குறிப்புகள். சில என்னுடையதைவிடத் தெளிவு. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அண்ணை, இந்தமுறை உங்கடை ரெண்டு சாட்சியையும் வீட்டிலை விட்டிட்டுப் போங்கோ."

"நீர் ஒருக்காத்தானே எழுதினனீர், பெரிய கதை கதைக்கிறீர்," என்றேன். அவள் சிரித்தாள். மனைவி தேத்தண்ணீர்க் கோப்பையைச் சத்தமாக வைத்தாள்.

மறுதேர்வில் வந்தது மரண சாசனம், அதாவது உயில். விற்பனை உறுதியைப் போலல்ல, இதற்கு இங்கேயும் ஒரு சாட்சி வேண்டும். எனக்கோ சாட்சி என்ற சொல்லை எழுதவே பயம். எழுதினேன், வெட்டினேன், திரும்ப எழுதினேன். கடைசியில் தங்கச்சியின் பச்சை மை வரி நினைவில் வந்தது: "சாசனம்: நொத்தாரிசு, ஒரு சாட்சி." ஒன்றோடு நிறுத்தினேன்.

டிசம்பர் 15, வெள்ளி, கடிதம் வந்தது. சித்தியடைந்திருந்தேன். புள்ளி இல்லை. அவளைவிடக் கூடவா குறைவா என்று இனித் தெரிய வழியில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன்: "அவவுக்குப் பாஸ் பண்ணுறது சுகம். பழைய பழக்கம் ஒண்டுமில்லை."

"ஆர் சொன்னது? விற்பனை உறுதியிலை அவவும் ரெண்டு சாட்சி எழுதினவவாம். தகப்பன் வீட்டிலை எந்த நேரமும் காணிக்கதைதானே. கடைசி நிமிசத்திலை வெட்டினவவாம். உங்களுக்கு மனம் நோகும் எண்டு சொல்ல வேண்டாமெண்டவ."

அது உண்மையா, என்னைச் சமாதானப்படுத்த மனைவி சொன்னதா என்று தங்கச்சியிடம் நான் கேட்கவில்லை. அவளுடைய விடைத்தாளையும் பார்த்ததில்லை. இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.