மூக்கு முன்னால்தான் ஏறணும்

பழைய கார்கள் விற்கும் அந்தக் கொட்டகையில் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர். தன் வண்டியின் பின்கொக்கியில் டிரெய்லரை மாட்டிப் பூட்டியதும் ஒரு தடவை அசைத்துப் பார்ப்பாள். சங்கிலிகளை மாட்டிவிட்டு இன்னொரு தடவை அசைப்பாள். யாராவது கேலி செய்தால், அவர்களைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவையும் அசைப்பாள்.

கொட்டகை அவளுடைய சொந்த அண்ணனுடையது. விற்ற காரை டிரெய்லரில் ஏற்றிப்போய் வாங்கியவர் வாசலில் இறக்குவது அவள் வேலை. இழுக்கிற எஸ்.யூ.வி. அவளுடையது, டிரெய்லரும் அவளுடையது. வேலை மட்டும் அண்ணன் கொடுப்பது. கணவனின் தையல் கடை பேருக்குத்தான் ஓடியது. வீடு ஓடியது இந்த வேலையால்தான்.

அண்ணனுக்கு ஒரு வீம்பு உண்டு. காரைப் பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். அப்போதுதான் துடைத்துப் பளபளக்கும் முகப்பு, சாலையில் பின்னால் வருகிறவர்களைப் பார்க்குமாம். வாங்கியவர் வாசலிலும் ராஜா மாதிரி நேராக இறங்கி வருமாம். வேறெந்தக் கொட்டகையிலும் இந்தக் கூத்து கிடையாது. அவளும் வாயை மூடிக்கொண்டு அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தாள், அந்தப் பெரிய இறக்கம் வரும்வரை.

இறக்கத்தில் டிரெய்லர் முதலில் லேசாக ஆடியது. பிறகு அவள் வண்டியையே பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உலுக்கியது. எதிரே ஆட்கள் நிறைந்த வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. கால் பிரேக்கை மிதிக்கத் துடித்தது. மிதித்தால் டிரெய்லர் வண்டியையே மடக்கிவிடும் என்று மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தாள். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. ஓரங்கட்டி இறங்கினாள்.

சுற்றி வந்து பார்த்தாள். பாரமான இன்ஜின் டிரெய்லரின் வால்பக்கம் கிடந்தது. கொக்கியில் கனமே இல்லை, அதனால்தான் அந்த ஆட்டம். அவள் வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு நின்றது. இத்தனை நாள் தப்பித்ததுதான் அதிசயம்.

மறுநாள் கொட்டகையில் அடுத்த காரைப் பின்பக்கமாக ஏற்ற ஆரம்பித்தார்கள்.

"திருப்பி ஏத்துங்க," என்றாள். "மூக்கு முன்னால இருக்கணும். கொக்கியில கொஞ்சம் கனம் உக்காரணும். இல்லன்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

"இத்தனை நாளா இப்படித்தானே கொண்டு போன?" என்றான் அண்ணன்.

"இத்தனை நாளா முட்டாளா இருந்தேன். நேத்து இறக்கத்துல டிரெய்லர் என் வண்டியையே உலுக்கிடுச்சு."

"வாங்கினவர் வாசல்ல பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டா இறங்குறது? என் மானம் போயிடும்."

"உன் மானம் போனா திரும்பி வரும்ண்ணா. நேத்து எதிர்ல வந்த வேன்ல இருந்தவங்க போனா வரமாட்டாங்க."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என் இடம். சொன்னபடி செய்யறதா இருந்தா இரு. இல்லன்னா எனக்கு வேற ஆள் இருக்கான்."

"டிரெய்லர் என்னுது," என்றாள். காரை இறக்கச் சொல்லி, காலி டிரெய்லரோடு கிளம்பிவிட்டாள்.

கடையில் தைத்துக்கொண்டிருந்த கணவன் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "கூடப் பொறந்தவரோட மல்லுக்கு நின்னுட்டு வந்திருக்க. கொஞ்சம் பணிஞ்சு போனா என்ன குறைஞ்சிடும்?"

"நான் பணிஞ்சிடுவேன். டிரெய்லர் பணியாதே."

அவன் கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். கத்தரிக்கோல் அவன் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். குரலில் ஒரே கொண்டாட்டம். "வேற ஆள் அவன் டிரெய்லர்லயே கொண்டு போயி இறக்கிட்டான். நான் சொன்ன மாதிரிதான் ஏத்தினான். ஒரு கீறல் இல்ல. இப்ப என்ன சொல்ற?"

அந்த டிரெய்லர் கொஞ்சமாவது ஆடியிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்தும்விட்டாள். நினைத்ததும் வெட்கமாகப் போயிற்று.

"நல்லபடியா திரும்பிட்டானா? சந்தோஷம்," என்றாள். அதை மனசாரத்தான் சொன்னாள்.

"நாளைக்கும் ஒரு கார் போகணும். வாயை மூடிக்கிட்டு வர்றதா இருந்தா உனக்கு. இல்லன்னா இனிமே எல்லாம் அவனுக்குத்தான்."

கணவனின் தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"அவனுக்கே குடுண்ணா. ஆனா அவன் நம்பரை எனக்குக் குடு."

"எதுக்கு? அவனைக் கெஞ்சவா?"

"அவனுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கும். உன்கிட்ட சொன்னதை அவன்கிட்டயும் சொல்றேன். அவனாவது கேக்கட்டும்."