வளையல் இல்லாத கை

பினாங்கில் கரும்பு வெட்டத்தான் கூலி வேண்டும். தீர்மானம் போடக் கூலி வேண்டாம். அதனால் எங்கள் சங்கம் மாதம் ஒன்று போட்டுத் தள்ளியது. பெண் கல்வி ஓங்குக என்று ஒன்றைப் போட்ட கையோடு, சங்கப் பள்ளியில் புது வாத்தியாராக இருந்த நான் எழுந்தேன். கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள், அவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். நான்கு வயதில் வந்த காய்ச்சல் அவள் கண்ணையும் காதையும் ஒரேயடியாகக் கொண்டுபோயிருந்தது.

தலைவர் வெற்றிலையைக் கடைவாய்க்கு ஒதுக்கினார். "கண்ணும் இல்ல, காதும் இல்ல. பாடத்த எதுல ஊத்துவீங்க மாஸ்டர், மூக்குலயா?"

கூட்டம் உருண்டு சிரித்தது. ஓங்கிய பெண் கல்வி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஏதோ ஒரு பத்திரிகையில் அரைப் பக்கம் படித்திருந்தேன். அரைப் பக்கம் போதும் என்று நினைக்கிற வயது. கொய்யாக் கட்டையில் அ, ஆ செதுக்கி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தவளின் கையைப் பின்னாலிருந்து பிடித்து எழுத்தின்மேல் வைத்தேன். கடித்தாள். இரத்தம் வந்தது.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவள் அம்மா நிமிர்ந்தாள். "யாருன்னு சொல்லாம பின்னால வந்து புடிச்சா நீங்க கடிக்க மாட்டீங்களா?"

"காது கேக்காதே அக்கா, எப்படிச் சொல்றது?"

"கையில சொல்லணும். படிச்சவங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கணும் போல."

அந்தத் தகரக் கொட்டகையில் எதுவும் சொல்லாமல் நடப்பதில்லை என்று பிறகு கண்டேன். சாப்பாட்டுக்கு முன் அவள் கையில் ஒரு கரண்டி. குளியலுக்கு முன் ஈரத்துணி. அப்பா வந்தால் தாடியைத் தொடக் கொடுப்பார். அம்மா இடது கையை நீட்டுவாள். குழந்தை அந்தக் கண்ணாடி வளையல்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு மடியில் சாய்ந்துகொள்வாள். எழுத்துக் கட்டைகளை அடுப்பில் போட்டேன், நன்றாக எரிந்தன. மூன்று வாரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததற்குக் கூலியாக எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது: சட்டைப் பொத்தான்.

வெட்டுக் காலத்தில் அவள் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். பதினாறாம் நாள் கருமாதி. சங்கத்துப் பெரியவர்கள் யாருக்கு முன்வரிசை என்று முறைத்துக்கொண்டிருக்க, உள்ளே பெண்கள் அவள் அம்மாவின் வளையல்களை உடைத்தார்கள். வாசலில் நின்ற எனக்கும் உறைக்கவில்லை.

அம்மா அழுதுகொண்டே குழந்தையை அணைத்தாள். குழந்தை அந்த மணிக்கட்டைத் தடவினாள். ஒன்றுமில்லை. தள்ளிவிட்டு எழுந்து, அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணின் கையையும் தேடித் தேடிப் போனாள். எல்லாக் கையிலும் வளையல் இருந்தது, எதுவும் அம்மாவுடையதில்லை.

"பாவம், அப்பனைத் தேடுது" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அத்தனை பேருக்குக் கண் இருந்து என்ன பயன்?

மூன்று நாள் அந்தக் கையிலிருந்து அவள் ஒரு வாய் வாங்கவில்லை. கரண்டியைக் கொடுத்தால் எறிந்தாள். அறிமுகமில்லாத ஒருத்தி தன்னைத் தூக்க வருகிறாள் என்று மூலைக்கு ஒதுங்கினாள். என்னிடம் மட்டும் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

சங்கத்துக்கு ஓடினேன். "அவ அம்மா வளையல் போட்டாத்தான் புள்ள சாப்பிடும்" என்றேன்.

"தாலி அறுத்தவ கையில வளையலா? சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கு மாஸ்டர்" என்றார் தலைவர். கப்பலில் எல்லாச் சாதியோடும் ஒரே பானைச் சோறு தின்று கரை இறங்கிய சாஸ்திரம் அது. அப்போது கடலில் விழாமல் தப்பித்து, ஒரு விதவையின் மணிக்கட்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

"வேற அடையாளம் வையுங்க. படிச்சவருதானே?" என்றார் செயலாளர்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதையும் செய்தேன். அம்மாவின் கையில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டேன். குழந்தை அதைத் தொட்டதும் கையை உதறினாள். பட்டினி கிடக்கிறவளிடம் போய், இன்றுமுதல் உன் அம்மா இதுதான் என்று தீர்மானம் போட்டிருக்கிறேன். சங்கத்துக்கு ஏற்ற வாத்தியார்தான்.

அம்மா கயிற்றை அறுத்து எறிந்தாள். நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்க, குஜராத்தி வளையல் கடைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். கடை வாசலில் தலைவரின் மனைவி வழியை மறித்தாள்.

"புருசன் போயி மாசம் ஆவல, மினுக்கக் கேக்குதா?"

"எனக்கில்ல அக்கா, அதுக்கு. உங்க கையப் பாத்து அது சாப்பிடும்னா சொல்லுங்க, கொண்டாந்து விட்டுடுறேன். ஊட்டிவிடுங்க."

அந்த அம்மாள் நகர்ந்துகொண்டாள். குழந்தையின் அம்மா பழையவை போலவே கண்ணாடி வளையல்களைத் தேடி வாங்கி இடது கையில் ஏற்றிக்கொண்டாள். மறுநாள் திருவிழாப் பட்டியலிலிருந்து குழந்தையின் வீட்டை எடுத்தார்கள். என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், நான் எழுதவில்லை.

அன்று கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா மூலையில் குந்தி இடது கையை நீட்டினாள். குழந்தையின் விரல்கள் வளையல்களை மேலே தள்ளின, கீழே இழுத்தன, நின்றன. பிறகு ஓங்கி ஓர் அடி, அம்மாவின் கன்னத்தில். இன்னொன்று. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது.

"அடி, நல்லா அடி" என்றபடி அம்மா கரண்டியைத் தேடி எடுத்து அவள் கையில் வைத்தாள். எறியவில்லை. அடித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.