மனப்பாடமான எழுத்துப் பலகை

அந்த வருஷங்களில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லோருக்கும் அவள் சாவி. கண் பரிசோதனைத் துறையில் முதுகலை படித்த கூட்டத்தில், ஆய்வுக்கூட அலமாரியின் சாவியைத் தொலைக்காமல் வைத்திருக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். லென்ஸ் பெட்டியை எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரும்வரை வாசலில் போய் நிற்பாள். வாய் திறந்து கேட்கமாட்டாள்.

வீட்டிலும் அப்படியே வளர்ந்தவள். அக்காவும் அண்ணனும் வாய்க்கு வாய் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு மிச்சமிருந்த அமைதிதான் அவள் பங்குக்கு வந்தது. அதனால் பேராசிரியை அவளைச் சமூக சேவைக் குழுவின் தலைவி என்று அறிவித்தபோது வகுப்பே சிரித்தது. பலமாகச் சிரித்தவன் ரேடியோ. தூக்கத்திலும் பேசுகிறவன் என்று விடுதியில் பேர் வாங்கியவன்.

"வாயே திறக்காத தலைவி, வாயே மூடாத தொண்டன். பேசாம கட்சி ஆரம்பிச்சிடலாம்" என்றான்.

சேவை செய்யும் இடத்தைக் குழுவே தேர்ந்தெடுக்கலாம். அங்கே திரட்டும் விவரங்களை ஆய்வுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். விடுதி ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு தையல் தொழிற்சாலை. சாயங்காலம் வெளியே வரும் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதைச் சாவி தினமும் பார்ப்பாள். ஒருநாள் தனியாகப் போய், அங்கே கண் பரிசோதனை நடத்த மேனேஜரிடம் அனுமதி கேட்டாள். அவர் டீ கொடுத்து உடனே சம்மதித்தார். ஒரே நிபந்தனை: யார் யாருக்குப் பார்வை மங்கல் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். தலையாட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. ஆட்டிவிட்டு வந்தாள்.

துணிக் கட்டுகள் அடுக்கியிருந்த அறையை ஒதுக்கித் தந்தார்கள். சுவரில் எழுத்துப் பலகை, எதிரே நாற்காலி, பக்கச் சுவரை ஒட்டி வரிசை. முதல் சனிக்கிழமை வந்தவர்கள் எல்லோரும் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் வாசித்தார்கள். நரைத்த தலைகள் இளசுகளைவிட வேகமாக வாசித்தன. இங்கே குடிக்கிற தண்ணீரில் தனக்கும் ஒரு பாட்டில் வேண்டும் என்றான் ரேடியோ. மற்றவர்கள் சிரித்தார்கள். சாவிக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பலகையின் பசை விட்டு, அது துணிக் கட்டுகளுக்குப் பின்னால் விழுந்தது. எடுக்க முடியவில்லை. சாவி பையிலிருந்து இன்னொரு பலகையை எடுத்து மாட்டினாள். அளவு ஒன்றுதான், எழுத்துகள் வேறு. அடுத்து வந்து உட்கார்ந்தவள் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் மூத்த தையல்காரி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பாட்டு ஒப்பிப்பது போல, மேலிருந்து கீழ்வரை கணீரென்று வாசித்து முடித்தாள். அத்தனையும் கட்டுகளுக்குப் பின்னால் விழுந்துகிடந்த பலகையின் எழுத்துகள்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரேடியோ கட்டுகளுக்குப் பின்னால் விழுந்த பலகையை எட்டிப் பார்த்தான். சாவி நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, ஏன் என்று மெல்லக் கேட்டாள்.

"கண்ணு மங்கல்னு தெரிஞ்சா மெஷின்ல உக்கார விடமாட்டாங்கம்மா. நூல் வெட்டுற மேசைக்குத் தள்ளிடுவாங்க, அங்க கூலி பாதி. முதல்ல தள்ளிட்டு அப்புறம்தான் கண்ணாடி போட்டியான்னு கேப்பாங்க" என்றாள் பெரியக்கா. பிறகு, வெயிலைப் பற்றிப் பேசுவது போலச் சாதாரணமாக, "நீதான் பேர் சொல்றேன்னு ஒத்துக்கிட்டியாமே" என்றாள்.

நல்ல கண்ணுள்ள ஒரு பெண் வரிசையில் நின்றபடியே பலகையை மனசில் ஏற்றி, பின்னால் நின்றவர்களுக்கும் சாப்பாட்டு வேளைகளில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் ரேடியோ கணக்குப் போட்டான். பேரைக் கொடுக்காவிட்டால் மேனேஜர் கதவைச் சாத்திவிடுவார். சாவியின் ஆய்வு அம்போ. கொடுத்தால் அந்தப் பெண்களின் பிழைப்பு அம்போ.

"சாத்தட்டும்" என்றாள் சாவி.

திங்கட்கிழமை ரேடியோவோடு மேனேஜர் அறைக்குப் போன அவள் உட்காரவில்லை. "பேர் தரமாட்டேன் சார். யோசிக்காம தலையாட்டிட்டேன்" என்றாள். அவர் கோபப்படவில்லை, பலகையைக் கழற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னார், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த மெஷின்களுக்கு நடுவே இருவரும் மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். கேட்டைத் தாண்டும்வரை பொறுத்திருந்த ரேடியோ, "இதையே நான் பேசியிருந்தா ரெண்டு டீயாவது வந்திருக்கும்" என்றான்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சலவைக் கடையின் மாடி அறையைச் சனிக்கிழமைப் பரிசோதனைக்குப் பேசிப் பேசி வாங்கியது அவன்தான். இன்று அவளுக்குச் சொந்தமாகப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. குளிரூட்டிய அறை, தானாக மாறும் எழுத்துத் திரை. இருந்தும் அவள் மனசு ஏங்குவது அந்த மாடிக்குத்தான். கீழே இஸ்திரிப் பெட்டிகள் ஓடும்போது தரை இளஞ்சூடாக இருக்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்ப்பார்கள். சோப்பு வாசனை சட்டையில் ஏறி விடுதிவரை கூடவே வரும்.

ஆனால் ஆரம்பத்தில் அங்கே யாரும் ஏறி வரவில்லை. பெண்கள் நிறுத்தத்தில் நின்று ஜன்னலை அண்ணாந்து பார்ப்பார்கள், பஸ் வந்ததும் ஏறிப் போவார்கள். இரண்டு சனிக்கிழமைகள் இப்படியே போயின. வேறு தலைப்பை எடுத்துக்கொள் என்று பேராசிரியை எச்சரித்தார். குழுவில் இருவர் வருவதை நிறுத்திவிட்டார்கள். வாசல் கதவையே பார்த்துக்கொண்டு சாவி நாற்காலியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை படிக்கட்டில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. பெரியக்கா. நாற்காலியில் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தச் சொன்னாள். ரேடியோ, தன்னையும் வெளியே போகத்தான் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு, வெளியே போய்ச் சாத்தினான்.

முதல் எழுத்தைச் சொன்னாள். அடுத்த வரியில் நின்றாள். கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதாம்மா. கீழே எல்லாம் எறும்பு" என்றாள்.

சாவி சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை அவள் மூக்கில் பொருத்தி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள். நாலாவதோ ஐந்தாவதோ போட்டபோது பெரியக்கா பலகையைப் பார்க்காமல் சாவியின் பக்கம் திரும்பினாள். நெற்றியிலிருந்து முகவாய்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"அட, நீ இவ்வளவு சின்னப் பொண்ணா? நான் கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்தவள்னு நெனச்சிட்டிருந்தேன்."

சட்டத்தைக் கழற்றாமலே எழுந்து, ஜன்னலுக்குப் போய், கீழே நிறுத்தத்தில் நின்றவர்களைப் பார்த்து ஏறி வரச் சொல்லிக் கையை ஆட்டினாள்.