நான் கேட்ட அடையாளம்

போன வருஷம் சித்திரை வெயிலில், என் மகனுக்குப் பெண் பார்க்க வில்லியனூரிலிருந்து ஏம்பலம் பக்கம் போனோம். ஏற்கெனவே ஏழு இடம் பார்த்து எதுவும் அமையாமல் நான் வெறுத்துப்போயிருந்த நேரம்.

பைபிளில், ஆபிரகாமின் வேலைக்காரர் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போவார். கிணற்றடியில் நின்று, 'எனக்குத் தண்ணீர் கொடுத்து, என் ஒட்டகங்களுக்கும் ஊற்றுகிறேன் என்று எவள் தானாகச் சொல்கிறாளோ, அவள்தான்' என்று கடவுளிடம் அடையாளம் கேட்பார். ரெபேக்கா வந்து அப்படியே சொல்வாள். நானும் அப்படி ஒன்று கேட்டுவிட்டேன். ஒட்டகத்துக்கு எங்கே போவது? வாடகைக் கார்தான். 'ஆண்டவரே, நாங்கள் சொல்லாமலே டிரைவருக்கும் தண்ணீர் கொடுக்கிற பெண்தான் என் மருமகள்.'

அடையாளம் சுத்தமாக இருக்க வேண்டுமே! தெருமுனையிலேயே காரை நிறுத்தச் சொல்லி, "வண்டிய வுட்டு எறங்காதப்பா, யார்கிட்டயும் எதுவும் கேக்காத" என்றேன். டிரைவருக்கு அறுபது வயதிருக்கும். தலையாட்டினார்.

பெண் கேசரி, காப்பி கொடுத்துவிட்டுச் சிரித்த முகமாக உட்கார்ந்தாள். என் மகன் முகத்தைப் பார்க்கணுமே, அத்தனை சந்தோஷம்! ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். பெண்ணின் அம்மா முகம் வாடிப்போயிற்று. மகன் காரில் ஏறியும் அந்தத் தெருவையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

கொஞ்ச தூரத்தில், கரும்புக் கொல்லை ஓரம் மோட்டாரிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். எனக்கோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

"பாத்தியாடா! அந்த வூட்ல ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்களா?" என்றேன் மகனிடம்.

திரும்பி வந்த டிரைவர் காதில் அது விழுந்துவிட்டது. "இன்னாம்மா பேசறீங்க? நான் வந்ததே அவங்களுக்குத் தெரியாது. எறங்காதன்னு நீங்கதான சொன்னீங்க?"

என் காலடியில் பெரிய தண்ணீர் பாட்டில் கிடந்தது. காலையிலிருந்து நானும் மகனும் மட்டும்தான் அதில் குடித்திருந்தோம். ஐயோ, எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"மன்னிச்சிக்குங்கண்ணே. வண்டியத் திருப்புங்க" என்றேன். இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். நானே வாய்விட்டுப் பெண் கேட்டேன். அவள்தான் இன்று என் மருமகள்.

வீட்டுக்கு வந்ததும் பைபிளைத் திறந்தேன். எத்தனையோ தடவை படித்த இடம். அந்த வேலைக்காரர் ஜெபம் செய்வதற்கு முன்னாலேயே தன் ஒட்டகங்களைக் கிணற்றடியில் மண்டியிட்டு இளைப்பாற வைத்தார் என்று இருக்கிறது. இத்தனை வருஷமாக அது என் கண்ணில் படவே இல்லை. இப்போதெல்லாம் ஜெபத்துக்குக் கைகூப்பும் முன், யாரையாவது வெயிலில் விட்டுவிட்டு வந்திருக்கிறேனா என்று ஒருமுறை யோசித்துக்கொள்கிறேன்.