மூன்று முறை திரும்பியவர்

பட்டர்வொர்த் போகும் காலை ஃபெரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவருடைய ஆளுயரப் பைக்குள் பனிச்சறுக்குப் பலகைகள். ஜப்பானில் ஒரு செங்குத்தான பனிமலைச் சரிவின் உச்சிவரை ஏறிவிட்டு, சறுக்கி இறங்காமலே மூன்றாவது முறையாகத் திரும்பி வருகிறாராம்.

“பயமா தம்பி?”

“பயம் எப்பவும் இருக்கும் லா அண்ணே. அங்க வழுக்குனா கீழ பாறைதான். அதனால உச்சியில நின்னு ஒரு முறுக்கு திம்பேன். முழுங்க முடிஞ்சா இறங்குவேன். வாய் காஞ்சு தொண்டையில நின்னுச்சுன்னா வந்த வழியே நடந்துருவேன்.”

“முறுக்கு திங்கவா அவ்வளவு தூரம் போனீங்க?”

“வீட்லயும் இதான் கேப்பாங்க,” என்று சிரித்தார்.

அடுத்த ஆண்டும் அதே சரிவுக்குப் போவாராம். அவர் சறுக்கி இறங்க வேண்டுமென்று நான் விரும்புவதா, மறுபடியும் திரும்பிவிட வேண்டுமென்று விரும்புவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.